இருபத்திரண்டாம் மாடியில் இரண்டு கோழிகள்

பிப்ரவரி 8, சனி

செல்லப்பாண்டியனாகிய நான் இன்று காலை திருநெல்வேலி சந்திப்பிலிருந்து வடதிசைப் படையெடுப்பைத் தொடங்கினேன். யானைப்படை, குதிரைப்படை கிடையாது. அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை உண்டு. அதை வைத்து ஒரு கோட்டையை ஆறு மாதம் முற்றுகையிடலாம். அதற்கு முன்பே உள்ளே இருப்பவர்கள் வாசனை தாங்காமல் கதவைத் திறந்துவிடுவார்கள்.

வருங்கால வரலாற்று மாணவர்களுக்காகப் படையெடுப்பின் காரணத்தையும் எழுதிவைக்கிறேன். என் அக்கா பேச்சியம்மாளுக்கு ஒரே மகள் செண்பகம். பெங்களூரில் வேலை. கூட வேலை பார்க்கும் நவநீதனைத்தான் கட்டுவேன் என்கிறாள். பையனின் அப்பாவும் அம்மாவும் நம் பக்கத்து ஆட்கள்தான். பிழைக்கப் போய் மும்பையிலேயே வேர் விட்டவர்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனின் அம்மா பூரணத்துக்குப் போன் போட்டாள். அங்கேதான் விதி உளுந்தவடை தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தது.

"ரெண்டுதானா? எங்க வீட்டுப் பொறவாசல்ல இருவது நிக்கி. வார தீவாளிக்கு மருமவனுக்குன்னு ரெண்டை இப்பவே ஒதுக்கி வச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே பாண்டி, கேட்டியா? பெருசா சொத்து ஒண்ணும் இல்லக்கா, ரெண்டு கோழி சொந்தமா இருக்கு, முப்பது வருச ஒழைப்புங்கா. முப்பது வருசம் ஒழைச்சு ரெண்டு கோழி! அதைப் பெருமையா வேற சொல்லுதா."

"நல்ல சாதிச் சேவலா இருக்கும்க்கா" என்றேன். வடைத் தட்டு பறிக்கப்பட்டது.

தீர்ப்பு இதுதான்: நான் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல இடம் என்று நான் சொன்னால் செண்பகத்தின் இஷ்டம். இல்லையென்றால் வருகிற வெள்ளிக்கிழமை வெல்ல மண்டிக்காரர் வீட்டார் பூ வைக்க வருகிறார்கள். அக்கா தட்டை வாங்கிவிடுவாள். செண்பகம் தனியாகப் போன் செய்து, "மாமா, ஒங்களத்தான் நம்பியிருக்கேன். ஏதாவது பொய் சொல்லியாவது நல்லதா சொல்லிருங்க" என்றாள். என் திறமையை மதிக்கும் ஒரே ஜீவன் அவள்.

"நாம யாருன்னு அவுகளுக்குத் தெரியணும்" என்று சொல்லி அக்கா என் கழுத்தில் அத்தானின் பத்துப் பவுன் சங்கிலியைப் போட்டாள். அத்தானின் பட்டு ஜிப்பா, அத்தானின் கைக்கடிகாரம். கண்ணாடியில் பார்த்தேன். கோயில் யானைக்கு முகபடாம் கட்டியது போல இருந்தது. யானைக்காவது உள்ளே இருப்பது அதனுடைய சொந்த உடம்பு என்ற நிம்மதி உண்டு.

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்காவின் உத்தரவுப்படி ஏசி பெட்டி. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். புளியோதரைக்கே கம்பளி போர்த்த வேண்டியிருந்தது.

எதிர் இருக்கையில் ஒரு பையன். இரண்டு முழங்காலிலும் பேண்ட் கிழிந்து, நூல் நூலாகத் தொங்கியது. எனக்கு மனம் கேட்கவில்லை. "சாப்பிடுங்க தம்பி" என்று புளியோதரையை நீட்டினேன். ரசித்துச் சாப்பிட்டான். என்னிடம் ஒரு மாற்று வேட்டி இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். சிரித்தான். கம்பெனி வைத்திருக்கிறானாம். அந்தக் கிழிசல் கடையிலேயே கிழித்துக் கொடுப்பதாம். அதன் விலையைச் சொன்னான். என் கடையில் பந்தல் போடும் மூன்று பேரின் ஒரு மாதச் சம்பளம் அந்த இரண்டு ஓட்டை வழியாகப் போய்விடும்.

பேச ஆள் தேடி சிலீப்பர் பெட்டிக்குப் போனேன். சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், மும்பைக்கு பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். ஒருவருடைய சட்டை மடிப்பில் கத்திரிக்காய் நறுக்கலாம். அப்படி ஒரு இஸ்திரி. பையில் பேனா, காலில் பாலிஷ் போட்ட ஷூ. என் சங்கிலியைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்க ஐயா. ஐயா எந்த ஜமீனு?"

"அதைச் சொல்லக்கூடாது. இது ரகசியப் பயணம்" என்றேன்.

துணி கிழியக் கிழிய மதிப்பு ஏறுகிற ஒரு கூட்டம். ஒரு நூல் பிரிந்தாலும் மானம் போய்விடுமே என்று பயப்படுகிற இன்னொரு கூட்டம். இரண்டையும் ஒரே இன்ஜின் இழுத்துக்கொண்டு போகிறது. அதற்கு எவ்வளவு மூச்சு வாங்கும்! அதனால்தான் வழியெல்லாம் நின்று நின்று போகிறது. ரயில்வேயைக் குறை சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

மும்பையில் தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். பையனின் அப்பா தங்கமாரியப்பன் காத்திருந்தார். ஒல்லியான மனிதர். டப்பாவிலிருந்து அப்போதுதான் பிரித்த சட்டை. காலருக்குக் கீழே ஒரு குண்டூசி இன்னும் குத்தியபடியே இருந்தது. நான் சொல்லவில்லை. என் ஜிப்பாவின் கழுத்துப் பட்டியிலும் அத்தானின் சலவைக் குறி இருக்கிறது.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. பிரயாணம் சௌரியமா?" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

டாக்சி ஒரு கட்டடத்தின் முன் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். நம்மூர்க் கோபுரத்தை ஏழு தரம் அடுக்கினால் அதன் இடுப்புக்கு வரும். தங்கமாரியப்பன் உள்ளே நுழைந்ததும் விறுவிறுவென்று பின்பக்கம் இருந்த ஒரு சின்ன லிஃப்ட் பக்கம் போனார். வாசலில் நின்ற அவர் மனைவி பூரணம் சட்டையைப் பிடித்து இழுத்து, "இந்தப் பக்கங்க!" என்றாள்.

"அது கொஞ்சம் சீக்கிரம் போகும் அண்ணாச்சி" என்றார் அவர்.

இருபத்திரண்டாம் மாடி. கூடத்தில் ஒரு சோபா கிடந்தது. எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்குகிற அத்தனை பேரும் அதில் உட்காரலாம். என்னை அதில் உட்காரவைத்துவிட்டு பூரணம் தரையில் உட்கார்ந்தாள். தங்கமாரியப்பன் ஒரு நாற்காலியின் முன்விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். நான் கல்யாணத்துக்குப் பந்தல், பாத்திரம், சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் எல்லாம் வாடகைக்கு விடுகிற ஆள். மனிதர்கள் நாற்காலியில் உட்காரும் விதத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் எழுதுவேன்.

பொன் விளிம்பு வைத்த கோப்பையில் காபி வந்தது. நான் கடமை தவறாதவன்.

"தங்கச்சி, அக்கா சொல்லிவிட்டிருக்கா. அந்த ரெண்டு கோழியையும் கண்ணால பாத்துட்டுத்தான் வரணுமாம்."

இருவர் முகமும் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அது... இங்க இல்ல அண்ணாச்சி" என்றாள் பூரணம்.

"அதானே, இந்த உசரத்துல எப்படி நிக்கும்? எங்க விட்டிருக்கீக?"

"வாடகைக்கு விட்டிருக்கோம்" என்றார் தங்கமாரியப்பன்.

கரண்டியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஜமுக்காளத்தை விட்டிருக்கிறேன். ஆள் பலம் இல்லாத ஒரு மாப்பிள்ளைக்கு என்னையே ஒரு நாள் பெரியப்பாவாக வாடகைக்கு விட்டிருக்கிறேன். கோழியை வாடகைக்கு விடலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"யாருக்கு?"

"ஒரு இட்லிக்காரருக்கு. தங்கமான மனுசன். ஒண்ணாந்தேதி வாடகை கைக்கு வந்துரும்."

"இட்லிக்காரருக்குக் கோழி எதுக்குய்யா?"

"பொண்டாட்டி புள்ளையோட இருக்க வேண்டாமா அண்ணாச்சி? மேல ஒரு தட்டும் எடுத்துக் குடுத்திருக்கோம்."

"எதுக்கு மேல?"

"கோழிக்கு மேலதான். மொதல்ல மழைக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. இப்பத் தகரம் போட்டாச்சு."

கோழிக்கு மாடி, கோழிக்குத் தகரம், கோழிக்குள் இட்லிக்காரர் குடும்பம். ஊர் பெரிதானால் எல்லாமே பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பூரணம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஒங்க அக்கா இருவதுன்னாங்களே... நெசமாவா அண்ணாச்சி?"

"அது கொறச்சுச் சொன்னது தங்கச்சி. எங்க சின்னத்தை வந்தா போகும்போது ரெண்டைத் தூக்கிட்டுப் போயிருவா. நாங்க ஏன்னு கேக்கதே இல்ல."

பூரணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

விடியற்காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தேன். மூன்று படுக்கையறை இருக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் சமையலறைத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். கட்டிலில் படுத்தால் முதுகு வலிக்கிறதாம். இருக்கும்.

பிறகு பல் விளக்கப் போனேன். விளக்கு எங்கே என்று கேட்டதற்குத் தங்கமாரியப்பன் வந்து ஐந்து சுவிட்சையும் போட்டுப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது, வெந்நீர் கொட்டியது, எங்கேயோ ஒரு பாட்டு கேட்டது. விளக்கு மட்டும் எரியவில்லை. சுவரில் ஒரு பெரிய குடும்பப் படம். அதில் இவர்கள் இருவரும் இல்லை. "சிநேகிதக்காரங்க" என்றாள் பூரணம். சிநேகிதத்தை இந்த அளவுக்கு மதிப்பவர்களை நான் பார்த்ததில்லை.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். நீலமாக விரிந்து கிடந்தது.

"அடேயப்பா, கடல் இவ்வளவு பக்கத்துலயா?"

"அது கடல் இல்ல அண்ணாச்சி. தார்ப்பாய். கூரை மேல போட்டது. எல்லாம் வீடுகதான்" என்றார் தங்கமாரியப்பன். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, "அந்தா மசூதி தெரியுதுல்லா? அதுக்கு எடது பக்கம் தண்ணி டேங்கு. அதுக்குப் பின்னால ரெண்டாவது..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தெரிந்தவர்கள் யாரோ அங்கே இருக்கிறார்கள் போலும். நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கல்லைத் தூக்கிப் போட்டால் அங்கே விழும். அங்கிருந்து ஒரு ஆள் இங்கே ஏறி வர எத்தனை தலைமுறை ஆகுமோ, பின்பக்க லிஃப்ட் வழியாக வந்தால் தவிர.

நான் எதையும் கேட்கப் போவதில்லை. சிம்மாசனம் வாடகைக்கு விடுகிறவன், அதில் உட்கார்ந்திருப்பவனிடம் போய் "எந்த நாட்டுக்கு ராஜா?" என்று கேட்டால் தொழில் நடக்குமா?

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இருவத்திரண்டாம் மாடி."

"ஏலே, நெசமாவா! அப்ப கோழி?"

"வாடகைக்கு விட்டிருக்காவ."

"கோழியை வாடகைக்கு விடுத அளவுக்குப் பெரிய எடமா!" என்றாள். இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். உண்மை தெரிந்தால் வெள்ளிக்கிழமை தட்டு மாறிவிடும். செண்பகத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

பிப்ரவரி 12, புதன்

இன்று நடந்ததை எழுத ஒரு டஜன் புலவர்கள் வேண்டும். நான் ஒருவனே சமாளிக்கிறேன்.

பூரணத்தின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள் அப்படியே சிலையானாள். கீழே இருந்து காவலாளி. "வீட்டம்மா வந்துட்டாங்களாம்" என்றாள். "அடுத்த வாரம்தான் வாரதா சொன்னாங்க. துபாய்லருந்து இன்னிக்கே..." அவள் கண்ணில் நீர் முட்டியது. "அண்ணாச்சி, இது எங்க வீடு இல்ல. நான் இங்க சமைச்சு, தொடைக்கிறவ."

"அது கெடக்கட்டும் தங்கச்சி. இந்த வீட்டு சோபா தொடைச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. கதவு திறக்கும் முன் அத்தானின் ஜிப்பாக் கையைச் சுருட்டி ஏற்றி, ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகச் சோபாவின் முன்னால் மண்டி போட்டுவிட்டேன். தங்கமாரியப்பன் திண்டுகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சக்கரம் வைத்த பெட்டியோடு வீட்டம்மா வந்தாள். பூரணத்திடம் இந்தியில் ஏதோ கேட்டாள். இந்தியில் எனக்கு நான்கு வார்த்தை தெரியும்; ஐந்தாவது வார்த்தையை அங்கேயே உருவாக்கினேன். "சோபாவாலா!" என்று முழங்கினேன்.

சிம்மாசனத்து வெல்வெட்டில் பாயசம் கொட்டினால் என்ன செய்வது, சாம்பார் கொட்டினால் என்ன செய்வது என்பது எனக்கு அத்துப்படி. அந்தச் சோபாவில் துபாய் போகும் முன் யாரோ சட்னி கொட்டியிருந்தார்கள். அதை நான் எடுத்த விதத்தைப் பார்த்து அந்த அம்மாள் திரைச்சீலையையும் காட்டினாள். பிறகு நாற்காலிகளைக் காட்டினாள். பாண்டிய நாடு மதியம்வரை மண்டி போட்டே இருந்தது.

நடுவில் அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே என் கழுத்தைப் பார்த்துச் சிரித்து, "நக்லி" என்றாள். என்ன என்று தங்கமாரியப்பனிடம் கேட்டேன். "கவரிங்குன்னு சொல்லுதாக அண்ணாச்சி" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. பத்துப் பவுன்! தங்கம் உரைத்துப் பார்க்கிற அத்தனை பேரும் சத்தியம் செய்த அத்தானின் சங்கிலி! ரயிலில் நின்றபோது அது என்னை ஜமீன் ஆக்கியது. மண்டி போட்டதும் அது பித்தளை ஆகிவிட்டது. அதே கழுத்து, அதே சங்கிலி, கொஞ்சம் உயரம்தான் குறைச்சல்.

கடைசியில் "சாய்" என்று உத்தரவு வந்தது. பூரணம் பழக்க தோஷத்தில் பொன் விளிம்புக் கோப்பையை எடுத்தாள். வீட்டம்மா உச்சுக்கொட்டிவிட்டுப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. நான் வாங்கிக் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், டீ எவர்சில்வரில்தான் நன்றாக இருக்கும்.

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மாள் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். நல்ல வேலைக்காரனாம். அத்தானின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்பக்க லிஃப்டில் இறங்கினோம். உண்மையிலேயே அதுதான் சீக்கிரம் போகிறது.

சாயங்காலம் தாராவிக்குக் கூட்டிப்போனார்கள். நான் உருண்டையான ஆள். அந்தச் சந்தில் பக்கவாட்டாகத்தான் நடக்க முடிந்தது. ஒருபக்கம் தோல் பை தைக்கும் சத்தம். தங்கமாரியப்பனுக்கு அங்கேதான் வேலை. இன்னொரு பக்கம் இட்லி வேகும் ஆவி. அவர்கள் வீடு ஒரே அறை. பாத்திரங்கள் கண்ணாடி மாதிரி மின்னின. ஒரு ஏணி, மேலே ஒரு பரண். பூரணம் பாய் விரித்தாள். தங்கமாரியப்பன் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, நிம்மதியாக உட்கார்ந்தார். மூன்று நாளில் இன்றுதான் அவர் முதுகு எதிலாவது படுவதைப் பார்த்தேன்.

"இதுதான் அண்ணாச்சி எங்க கோலி. பக்கத்துல இட்லிக்காரர் இருக்காருல்லா, அது ரெண்டாவது கோலி" என்றார்.

"கோழியா?"

"கோலி. இந்த ஊர்ல ரூமைக் கோலின்னுதான் சொல்லுவோம்."

எனக்குள் ஒரு இடி இறங்கியது. "கோழி இல்லையா? கொக்கரக்கோ?"

"அய்யோ, கோழியை இங்க எங்க அண்ணாச்சி வளக்க?" என்ற பூரணம் பேச்சை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தாள். "அப்ப ஒங்க அக்கா வீட்டுப் பொறவாசல்ல இருக்கற இருவது?"

"அது கோழி தாயி."

"மருமவனுக்கு ஒதுக்கி வச்ச ரெண்டு?"

"கொழம்பு வைக்க."

சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தங்கமாரியப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூரணம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். "இருவது கோலிக்காரங்க வாராகன்னுதான்யா நான் அந்த வீட்டுச் சாவியைத் தொட்டேன்! ஒரு நாட்டுக்கோழிக்காக என் வேலை போகப் பாத்துச்சே!" பக்கத்துச் சுவரைத் தட்டி இட்லிக்காரர் விசாரித்தார். அவருக்கும் சொன்னார்கள். சுவருக்கு அந்தப்பக்கமும் சிரிப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இந்த ஊர் நிலவரத்தில் இந்த இரண்டு கோலியை விற்றால் அக்காவின் வீட்டையும் கிணற்றையும் தென்னந்தோப்பையும் வாங்கிவிடலாம். விற்றால் இவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதுதான் சிக்கல். பணக்காரர்கள்தான், கொஞ்சம் நெருக்கியடித்துப் பணக்காரர்கள்.

சிரித்து ஓய்ந்த பிறகு நான் வீரமாகச் சொன்னேன்: "கவலைப்படாதீக. அக்காகிட்ட நான் இருவத்திரண்டாம் மாடின்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கல்யாணம் முடியுற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். மாடி இடிஞ்சு போச்சுன்னு அப்புறமா சொல்லிக்கிடலாம்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் பூரணம். "காலைல ஒங்கள மண்டி போட வச்சது போதும். நாளைக்கு நானே பேசுதேன். முகத்தைப் பாத்தே பேசுதேன்."

வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள். உண்மை. நேருக்கு நேர். பயத்தில் இட்லிக்காரரிடம் இன்னும் நான்கு இட்லி வாங்கித் தின்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் வீடியோவில் அக்கா வந்தாள். கழுத்தில் இருக்கிற நகை அத்தனையும் போட்டிருந்தாள். பின்னால் அத்தான் எட்டிப்பார்த்து, "சங்கிலி பத்திரமா? யாரோ ஒரு பொம்பள எனக்குப் போன் போட்டு இந்தில சோபா சோபாங்காளே, அது என்ன?" என்றார். அக்கா அவரைத் தள்ளிவிட்டாள்.

"எங்க அந்த மாடி? பின்னால என்ன, சட்டியா அடுக்கியிருக்கு?"

பூரணம் போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இதுதான்க்கா எங்க வீடு. அந்த மாடில நான் வேலை பாக்கேன். ஒங்க தம்பி வாராகன்னு ரெண்டு நாள் எங்க வீடு மாதிரி காட்டிட்டோம். தப்புத்தான்."

நான் இடையில் புகுந்து கோழி, கோலி கதையைச் சொன்னேன். அத்தான் மட்டும் சிரித்தார். அக்காவின் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தால் அதுவும் பயந்து பறந்திருக்கும்.

"ஒத்த ரூமு. அதுல எம்மவ எங்க இருப்பா?"

"அவுக ரெண்டு பேரும் பெங்களூர்லதானக்கா இருக்கப் போறாக. இங்க வந்தா நானும் அவளும் கீழ. ஆம்பளைக பரண்ல."

"எட்டு ரூமு உள்ள வீட்டுல வளந்த பிள்ளை அவ."

"எட்டா!" பூரணம் உண்மையிலேயே வாயைப் பிளந்தாள். "இப்ப எத்தனை பேருக்கா இருக்கீக?"

"நானும் இவுகளும்தான்."

"அப்ப எட்டு ரூம்லயும்?"

அக்கா திரும்பிப் பின்னால் இருந்த கதவுகளைப் பார்த்தாள். பிறகு, என் அக்கா பேச்சியம்மாள், குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை, தாழ்த்திச் சொன்னாள்: "எங்க... ஒண்ணுல படுக்கோம். ஒண்ணுல பொங்குதோம். மத்தது பூட்டித்தான் கெடக்கு. தூத்துப் பெருக்க ஆளு வேணும்லா. செண்பகம் பெங்களூர் போனதுலருந்து தொறக்கவே இல்ல."

"அப்ப ஒங்களுக்கும் ரெண்டுதானக்கா" என்றாள் பூரணம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தங்கமாரியப்பன் ஏணிக்குப் பின்னால் ஒளிந்தார். வெல்ல மண்டியின் தட்டு என் கண் முன்னால் வாழைப்பழத்தோடு வந்து நின்றது.

"ஏயப்பா, பெரிய வாயாடியாத்தான் இருப்ப போல!" என்றது அக்காவின் குரல். கண்ணைத் திறந்தேன். அக்கா கழுத்தில் இருந்த காசுமாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "காலைலருந்து இது வேற கழுத்தை அறுக்கு. ஏலே பாண்டி, போனை அவகிட்டயே குடு, நீ நடுவுல தலையைக் காட்டாத. நீங்க ரெண்டு பேரும் போய் எங்கயாவது டீயைக் குடிங்க."

போனோம். இரண்டு டீ, இரண்டு வடை, பிறகு பார்த்த இடமெல்லாம் டீ. திரும்பி வந்தபோதும் பேச்சு ஓயவில்லை. பூரணம் பரணைக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அங்கே ஏதோ ஒரு பூட்டிய அறையைத் திறந்து, தும்மிக்கொண்டே காட்டிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஆளுகளை வர வேண்டாம்னு சொல்லியாச்சு" என்ற அக்கா, என்னைப் பார்க்கவே இல்லை. "அது கெடக்கட்டும். மதினி, ஒங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை இருக்கா? நீங்க வரும்போது காப்பிக்குச் சீனி போடலாமா, வேண்டாமா?"

மதினி! தங்கமாரியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடத்தில் இன்னும் வலிக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

சிலீப்பர் பெட்டி. பெயிண்ட் வேலை முடிந்து ஊர் திரும்பும் ஒரு கூட்டத்தோடு சீட்டு ஆட்டம், தோற்றுக்கொண்டிருக்கிறேன். சங்கிலி சட்டைக்குள் இருக்கிறது, இங்கே யாரும் என்னை எந்த ஜமீன் என்று கேட்கவில்லை.

செண்பகத்திடமிருந்து செய்தி: "மாமா!! அம்மா சரின்னுட்டாங்க!! என்ன பொய் சொன்னீங்க?"

நெடுநேரம் யோசித்தேன். என் நீண்ட பொதுவாழ்வில் இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை. கடைசியில் உள்ளதை எழுதி அனுப்பினேன்:

"ஒண்ணும் சொல்லல தாயி. சொல்ல விடல."